பரவைக்கடலும் வெளிக்கடலும்: தீவகத்தை ரசிப்பது எப்படி?

யாழ்ப்பாணம் வந்து திரும்புகிறவர்களிடம் தீவுப்பக்கம் போனீர்களா என்று கேட்டுப் பாருங்கள். “போனோமே, நயினாதீவு அம்மனைக் கும்பிட்டோம்” என்பார்கள். குளிரூட்டிய வானில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, படகுக்குள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்து, கோயில் வாசலில் படம் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். மற்றப் பாதிப்பேர் அவ்வளவும் போனதில்லை. நல்லூர், கோட்டை, நூலகம், ஒரு ஐஸ்கிரீம். அத்தோடு யாழ்ப்பாணம் முடிந்துவிடும். பண்ணையில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு, அங்கால் ஒன்றுமே இல்லாததுபோலத் திரும்பிவிடுகிறார்கள். கடல் பார்க்க வேண்டுமென்றால் மிரிஸ்ஸவுக்கும் அறுகம்குடாவுக்கும் போவார்களாம். வடக்குக் கடல் வெறும் சேறாம். இதை என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று ஏழு தீவுகள். நகரத்தோடு ஒட்டினாற்போல் கிடக்கும் மண்டைதீவைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் இவற்றுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: வேலணை லைடன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது, நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் தாம்போதி வழியே றோட்டு உண்டு. மற்ற நான்குக்கும் படகுதான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776இல் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவார்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து. மாசி, பங்குனி நல்ல மாதங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். திரும்பிவரும் கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் இறங்குதுறைத் தேநீர்க்கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

யாரும் சொல்லித்தராத விஷயத்துக்கு வருகிறேன். தீவகத்தில் இரண்டு கடல் இருக்கிறது.

ஒன்று பரவைக்கடல். பள்ளிக்கூடப் புவியியல் அதைக் கடல்நீரேரி என்று எழுதும். கரையில் தொழில் செய்கிறவன் பரவைக்கடல் என்றுதான் சொல்வான். நிலங்களுக்கு நடுவே தட்டையாகப் பரந்து கிடக்கும் தண்ணீர். பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. மற்றது வெளிக்கடல், அதாவது மேற்கே இந்தியக் கரைவரை கிடக்கும் பாக்கு நீரிணை. இரண்டும் ஒரே உப்புத்தண்ணீர்தானே, பாக்கு நீரிணையும் பெரிய ஆழமில்லையே என்று மறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தை வைத்து நான் பிரிக்கவில்லை. அலைக்கு ஓடிவர இடம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பரவைக்கடலில் காற்று தண்ணீரைத் தள்ளத் தொடங்குவதற்குள் அடுத்த கரை வந்துவிடும். அதனால் அங்கே அலை இல்லை, சுருக்கம்தான் இருக்கிறது. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் விழுகிற மாதிரி நெருக்கமான சின்னச் சின்னச் சுருக்கம். வெளிக்கடலில் காற்று மைல்கணக்காகத் தண்ணீரை உருட்டிக்கொண்டு வரும். அங்கே அலைக்கு முதுகு இருக்கிறது.

நிறத்தில் தெரியும். பரவைக்கடல் காலையில் வெள்ளி, மத்தியானம் அடிச்சேற்றின் கபிலம், பின்னேரம் செம்பு. வெளிக்கடல் பச்சையில் தொடங்கி நீலத்துக்குப் போகும். மணத்தில் இன்னும் துல்லியமாகத் தெரியும். தண்ணீர் வற்றி அடித்தரை வெயில் காயும் நாளில் பண்ணையில் எழும்பும் அந்த அவிந்த வாடை சாதாளையும் சேறும் சிப்பியும் கலந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். இறாலும் நண்டும் வளர்கிற மணம் அது. இரவு அவர்கள் தேடிப்போய்ச் சாப்பிடும் நண்டுக்கறி அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு கடலுக்கும் ஒவ்வொரு வாகனம் இருக்கிறது. பரவைக்கடலுக்குச் சைக்கிள். வேறு எதுவும் சரிவராது. பண்ணைத் தாம்போதி தண்ணீரிலிருந்து அதிகம் உயரமில்லை. சைக்கிளில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் முழங்கால் மட்டத்தில் கூடவே வரும். வானில் போகிறவருக்கு இது ஐந்து நிமிட வெறுமை. சைக்கிள்காரருக்குச் சிறகுவலைக் கம்புகள் ஒவ்வொன்றாக எண்ணக் கிடைக்கும். கரையிலிருந்து உள்ளே நேர்கோடாகப் போய், முடிவில் அம்புமுனைபோல் மடங்கும் கம்பு வரிசைகள் அவை. மீன் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், மடக்குக்குள் புகுந்து, திரும்ப வழி தெரியாமல் நிற்கும். கம்புக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்தபடி இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மனிதர் நடந்து வருவார். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், கடலுக்குள், நடந்து. இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு ரெஜிபோம் பெட்டி பின்னால் மிதந்து வரும். பெட்டிக்குள் அன்றைய நண்டு. அவருக்குப் பின்னால், தண்ணீரில், அவர் கிழித்துவந்த கோடு வெகுநேரம் அழியாமல் கிடக்கும். அலையில்லாத கடலில்தான் மனிதரின் தடம் அப்படி நிற்கும்.

காற்றையும் சைக்கிள்தான் படிப்பிக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது, வேலணைப் பக்கம் மிதிக்கிறவருக்குத் தொடை விறைத்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்ற நான்கு பேரையும் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தவர்கள் பண்ணையில் ஒரு தடவை மிதித்தால் போதும், பிறகு மறக்காது.

இப்போது பாதைக்கு வருகிறேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலைக் கடக்க ஒரு தட்டைமிதவை ஓடுகிறது. ஊரில் அதற்குப் பெயர் பாதை. “பாதை அந்தக் கரையிலை நிக்குது, கொஞ்சம் பொறுங்கோ” என்று சொன்னால் புதிதாக வந்தவர் விழிப்பார். காசு கிடையாது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், மரக்கறி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாய் ஏறும். அது ஓடாத நாளில் எதிரே கண்ணுக்குத் தெரிகிற கரைக்கு யாழ்ப்பாணம் வரை வந்து சுற்றித்தான் போகவேண்டும். பயணக் கட்டுரைக்காரர்கள் இதை ‘உள்ளூர் அனுபவம்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அல்லது இடப்பக்கம் தெரியும் கடற்கோட்டையைப் படம் எடுப்பதோடு முடித்துவிடுவார்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹாமன்ஹீல் என்று பெயர் வைத்த கோட்டை அது. இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். இது அதன் குதிக்கால். நல்ல கதைதான். ஆனால் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர், நின்ற இடத்தின் அருமை தெரியாமல் இறங்குகிறார்.

பாதை கடப்பது இரண்டு கடலும் சந்திக்கும் வாயை. ஊர்காவற்றுறையில் ஏறி நடுவில் நில்லுங்கள். வலப்பக்கம் பரவைக்கடல், சுருக்கம் விழுந்த வெள்ளித் தகடு. இடப்பக்கம் கோட்டைக்கு அப்பால் வெளிக்கடல். எழுவைதீவும் அனலைதீவும் பனைகளின் கோடாகத் தெரியும். கால்களை அகட்டி வைத்து, கம்பியைப் பிடிக்காமல் நின்றால், நடுவாய்க்கு வரும்போது தட்டு ஒரு பக்கம் இலேசாக உயர்ந்து இறங்குவது உள்ளங்காலில் தெரியும். முதல் தடவை தெரியாது. மூன்றாம் தடவை தெரியும். நான் சில நாட்களில் அந்தக் கரைக்குப் போய் இறங்காமலே திரும்பி வருவேன். அதற்கும் காசு கிடையாது.

ட்ரோன் வீடியோக்களைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டு கடலும் ஒரே நீலப்பச்சைக் கம்பளமாகிவிடுகின்றன. அலையின் முதுகு தெரியாது, காற்று தெரியாது, மணம் தெரியாது. தாம்போதி நூல்போல் அழகாகத் தெரியும். அந்த அழகு பண்ணைக்கும் பொருந்தும், உலகத்தில் எந்தத் தாம்போதிக்கும் பொருந்தும். தலைக்கவசத்தில் கமரா பூட்டிக்கொண்டு, ஒரே நாளில் ஏழு தீவு என்று மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்களும் அப்படித்தான். அவர்கள் சேகரிப்பது பெயர்ப்பலகைகளை.

வெளிக்கடலுக்குப் படகு. நயினாதீவுப் படகு கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. போங்கள், கும்பிடுங்கள். ஆனால் வெளிக்கடலைப் பார்க்க நெடுந்தீவுப் படகில் ஒரு மணி நேரம் இருக்கவேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் முதல் கொஞ்சத் தூரம் புங்குடுதீவின் மறைவு இருக்கும். படகு தண்ணீரைத் தட்டித் தட்டிப் போகும். நயினாதீவுக் கோபுரம் வலப்பக்கமாகப் பின்னுக்குப் போனதும் தட்டல் நின்றுவிடும். தூக்கல் தொடங்கும். எஞ்சின் சத்தமே மாறும்: ஏறும்போது முக்கி, இறங்கும்போது இலேசாகி. சோழகத்தில் கணக்குத் தலைகீழ். அப்போது மறைவு தருவது நெடுந்தீவு. கடைசிக் கொஞ்சத் தூரம்தான் அமைதி. கீழ்த்தட்டுக்குள் டீசல் புகைக்கு நடுவே இருந்து கைத்தொலைபேசியைப் பார்க்காமல், இடம் தந்தால் மேலே இருங்கள். “வெளியிலை இருந்தா நனைவியள், தம்பி” என்பார்கள். நனையுங்கள்.

நெடுந்தீவில் நடக்கவேண்டும். மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள்: குதிரை, பெருக்குமரம், கோட்டை, புறாக்கூடு. பட்டியலில் பிழையில்லை, வேகத்தில்தான் பிழை. கட்டைக்குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் ஒரு முருகைக்கல் வேலியைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். சுண்ணாம்பும் சீமெந்தும் இல்லாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கிய வேலி. கிட்டக் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூவும் மூளைமடிப்புமாகக் கோலம் தெரியும். கடலுக்குள் உயிரோடு இருந்தபோது அது வளர்ந்த விதம். இடுக்குகளால் காற்று ஊதும். வெளிக்கடல் கல்லாகி வளவைக் காக்கிற ஊர் அது.

இறங்குதுறைக்குத் திரும்பியதும் குமுதினி நினைவுத்தூபியின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் அதில். பிறகு அதே படகைத் திருத்தி அதே வழியில் ஓட்டினார்கள். கடலைக் கடக்க வேறு வழி இல்லாத ஊர் அது. அதில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன சனத்தின் கடல் இது என்பது தெரியாமல் அதன் நீலத்தை மட்டும் மெச்சுவது என்னால் முடியாது.

ஒரு சங்கதியை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். இந்த இரண்டு கடல் வித்தியாசத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாசி மாதப் பின்னேரம், நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகு. எனக்கு எதிரே ஒரு ஆச்சி, மடியில் உமல், அதன்மேல் தலை. ஏறியதிலிருந்து நல்ல நித்திரை. படகு நடுக்கடலில் எழும்பி விழுந்தபோதும், பக்கத்தில் ஒரு பிள்ளை சத்தி எடுத்தபோதும் அவர் அசையவில்லை. கரை இன்னும் கண்ணில் படவில்லை. அவர் இருந்த கீழ்த்தட்டில் யன்னலும் இல்லை. திடீரென்று நிமிர்ந்தார். கொண்டையை இறுக்கினார். உமலின் வாயைக் கட்டி, செருப்பைக் காலால் தேடி எடுத்தார். இரண்டு நிமிடம் கழித்து மேலே யாரோ “குறிகட்டுவான் தெரியுது” என்றார்கள்.

“எப்பிடி ஆச்சி முதலே தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“கடல் சின்னனாப் போச்செல்லோ, மோனை” என்றார்.