யாருடைய பிரயோஜனத்திற்காக?
1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரமும் நமது தமிழ்த் திருமறையும்

ஆவியின் வரங்களைப் பற்றிய வழக்கு நமது சபைகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. வரங்களை நாடி உபவாசக் கூட்டங்களுக்குச் செல்வோர் ஒருபுறம். அவற்றைக் கண்டு அஞ்சி, அவை அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துபோயின என்று சொல்லி ஒதுங்குவோர் மறுபுறம். இரு சாராரும் பவுல் அடியாரின் அதே மூன்று அதிகாரங்களையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால் அவ்வதிகாரங்களை எந்தத் தமிழில் வாசிக்கிறோம், அத்தமிழ் நம்மை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறது என்பதை இரு சாராரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்தச் சிறிய கேள்வியையே. கேள்வி சிறியதாயினும் அதன் விளைவு சிறியதன்று என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆயர் பணியில் நாம் கண்டது.

நமது ஆராதனைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது, பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. இன்று அதனைப் பழைய மொழிபெயர்ப்பு என்கிறோம். அதன் ஓசையும் கம்பீரமும் நமது மக்களின் ஜெப மொழியையே உருவாக்கியவை. அதனைக் குறை கூறுவதற்கு நமக்கு மனம் எளிதில் வருவதில்லை. எனினும், 12-ஆம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் அது செய்திருப்பது சாதாரணப் பிழையன்று.

கிரேக்க மூலத்தில் அவ்வசனத்தின் அமைப்பு எளிது. ஒவ்வொருவனுக்கும் ஆவியின் வெளிப்படுத்தல் அளிக்கப்படுகிறது. அது அளிக்கப்படுவது நன்மை பயப்பதற்காக. ‘ஒவ்வொருவனுக்கும்’ என்ற சொல் ‘அளிக்கப்படுகிறது’ என்னும் வினையோடு சேர்ந்தது. நமது பழைய மொழிபெயர்ப்போ அச்சொல்லை அங்கிருந்து பெயர்த்து, ‘அவனவனுடைய’ என்றாக்கி, ‘பிரயோஜனம்’ என்ற சொல்லுக்கு முன்னே வைத்துவிட்டது. இங்ஙனம் ஆவியானவரின் ஈவு அதைப் பெற்றவனுடைய சொந்த நன்மைக்கென்று கொடுக்கப்பட்டதாக வாசகர் கேட்கிறார். ஒரே சொல் இடம் மாறியதால் வசனமே தலைகீழாயிற்று. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னர், பத்தாம் அதிகாரத்தின் இறுதியில், பவுல் தமது சுயபிரயோஜனத்தைத் தேடாமல் அநேகருடைய பிரயோஜனத்தைத் தேடுவதாக எழுதியிருக்கிறார். அங்கே வருவதும் அதே வேரிலிருந்து பிறந்த கிரேக்கச் சொல்லே. பத்தில் அப்படிச் சொன்னவர் பன்னிரண்டில் இப்படிச் சொல்வாரா என்று கேட்கும் தமிழ் வாசகர் எத்தனை பேர்? நமது இறையியல் மாணவரிடையேயும் ஆண்டுக்கு ஒருவர் கேட்டால் அதுவே மிகுதி.

அவ்வசனத்தில் இன்னொன்றும் உண்டு. ‘வெளிப்படுத்தல்’ என்று பொருள்படும் சொல்லை நமது மொழிபெயர்ப்பு ‘அநுக்கிரகம்’ என்று தருகிறது. வெளிப்படுத்தல் என்றால் பிறர் காண நடப்பது. அநுக்கிரகம் என்றால் ஒருவன் பெற்றுத் தன்னிடத்தில் வைத்துக்கொள்வது. இரண்டு மாற்றங்களும் ஒரே திசையில் இழுக்கின்றன.

அடுத்து, அதிகாரத்தின் தொடக்கத்திற்கு வருவோம். முதல் வசனத்தில் பவுல் ‘வரம்’ என்று எழுதவேயில்லை. அங்கே இருப்பது ‘நியுமாட்டிகா’, அதாவது ஆவிக்குரியவை. இலக்கணப்படி ஆவிக்குரியவர்கள் என்றும் அதனைக் கொள்ளலாம். கொரிந்து சபையார் தங்களைப் பற்றிப் பெருமையோடு வழங்கிவந்த சொல் அதுவாயிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நான்காம் வசனத்திற்கு வந்தவுடன் பவுல் அச்சொல்லைக் கைவிட்டு வேறொரு சொல்லை எடுக்கிறார்: ‘காரிஸ்மா’. ‘காரிஸ்’ என்றால் கிருபை. கிருபை ஓரிடத்தில் ஒரு செயலாக உருக்கொள்ளும்போது அது காரிஸ்மா. எர்ன்ஸ்ட் கேசமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பொருளை அழுத்தமாக எடுத்துக்காட்டியுள்ளார். சொல்லை மாற்றுவதன்மூலம் பவுல் சபையைத் திருத்துகிறார். நீங்கள் ஆவிக்குரியவை என்று பெருமை பாராட்டுகிறவற்றை நான் கிருபையானவை என்கிறேன் என்பது அதன் உட்பொருள். புதிய ஏற்பாட்டில் காரிஸ்மா என்ற சொல் பதினேழு முறை வருகிறது. பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களுக்கு வெளியே அது காணப்படுவது பேதுருவின் முதல் நிருபத்தில் ஒரேயொரு முறை. அங்கும் அதைப் பெற்றவன் உக்கிராணக்காரன் எனப்படுகிறான். பண்டசாலையின் திறவுகோல் அவனிடம் இருக்கிறது, பண்டம் அவனுடையதன்று.

இத்திருத்தம் தமிழில் மறைந்துபோயிற்று. முதல் வசனத்திலும் வரம், நான்காம் வசனத்திலும் வரம். பதினான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மறுபடியும் வரும் நியுமாட்டிகா அங்கே ‘ஞானவரங்கள்’ ஆகிறது. அதே வசனத்தில் தீர்க்கதரிசனம் உரைக்கும்படி நாடுங்கள் என்று வினையாகப் பவுல் சொன்னது, தீர்க்கதரிசன ‘வரம்’ என்று பெயராகிறது. செய்யவேண்டியதாக இருந்தது உடைமையாக மாறிவிட்டது.

வரம் என்ற சொல் தன்னளவில் தீயதா? அப்படி நாம் சொல்லவில்லை. கொடுப்பவர் பெரியவர், பெறுபவன் எளியவன் என்னும் உணர்வு அதில் உண்டு. உரோமைச் சபையாரும் நெடுங்காலம் கிருபையை வரப்பிரசாதம் என்றே அழைத்துவந்தனர். ஆனால் தமிழ்ச் செவியில் வரம் என்ற சொல் தனியே வந்து விழுவதில்லை. அதன் பின்னே தவம் வருகிறது. இரணியன் தவம் செய்து வரம் பெற்றான்; இராவணன் பெற்றான்; பஸ்மாசுரன் பெற்று, கொடுத்தவரின் தலையிலேயே கை வைக்கத் துணிந்தான். நமது நாட்டுக் கதைகளில் வரம் கடுமையான விரதத்தால் ஈட்டப்படுவது, ஈட்டியவனுக்கே உரியது, ஒருமுறை கொடுத்தபின் கொடுத்தவராலும் எளிதில் திரும்பப் பெற முடியாதது. நாற்பது நாள் உபவாசமிருந்து வரம் பெற்றதாக ஓர் ஊழியர் மேடையில் சாட்சி சொல்லும்போது, நமது மக்கள் அதனை விளக்கமின்றியே புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளில் அது முன்பே இருக்கிறது. உபவாசத்தை நாம் பழிக்கவில்லை. கிருபை கூலியாகிவிடக் கூடாதே என்பதுதான் நமது கவலை.

இதில் வியப்பு என்னவெனில், நல்ல சொல்லொன்று அதே மொழிபெயர்ப்பாளரின் கையில் இருந்தது. ரோமர் நிருபத்தின் ஐந்தாம், ஆறாம், பதினோராம் அதிகாரங்களில் காரிஸ்மாவை அவர்கள் ‘கிருபைவரம்’ என்று அழகாகப் பெயர்த்திருக்கின்றனர். அச்சொல்லையே கொரிந்தியரிலும் வைத்திருந்தால், நித்திய ஜீவனுக்கும் சபையின் ஊழியத்திற்கும் ஒரே பெயர் என்பதைத் தமிழ் வாசகர் தாமே கண்டிருப்பார். ஏன் அங்ஙனம் செய்யவில்லை என்பதற்கு நமக்கு விடை கிடைக்கவில்லை.

குணமாக்குதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘குணமாக்கும் வரம் பெற்ற’ என்னும் அடைமொழியோடு சுவரொட்டிகளில் பெயர்களைக் காண்கிறோம். மூலத்தில் இரு சொற்களும் பன்மை: குணமாக்குதல்களின் கிருபைவரங்கள். ஒவ்வொரு சுகமும் ஒவ்வொரு தனி ஈவு என்று இதனைக் கொள்ள இடமுண்டு. அப்படியானால் அவ்வீவு போய்ச் சேரும் இடம் நோயாளியின் படுக்கை; கைவைத்து ஜெபித்தவர் அதனைச் சுமந்து சென்றவரே. சுவரொட்டியில் யாருடைய பெயரை அச்சிடுவது என்னும் கேள்விக்கே அப்போது இடமில்லாமற் போகிறது.

இவ்வளவு சொல்லும்போது, வரங்களுக்கு அஞ்சுவோர் பக்கம் நாம் சேர்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்களும் வரம் என்பதை அதே பொருளிலேயே கொள்கின்றனர். நாடுவதற்குப் பதிலாக விலக்குகின்றனர், அவ்வளவே. இவ்வதிகாரங்களில் சொல்லப்பட்டவை தம் காலத்தில் நிகழாமையால் இப்பகுதி மிகவும் விளங்காதது என்று நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம் ஒப்புக்கொண்டது உண்மை. 1918-இல் வார்ஃபீல்ட் அற்புத வரங்கள் அப்போஸ்தலரோடு நின்றுபோயின என்று ஒரு நூலே எழுதினார். ஆனால் 1 கொரிந்தியர் அப்படிச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்நிய பாஷைகள் ஓய்வது நிறைவானது வரும்போது. நிறைவானது நாம் முகமுகமாய்க் காணும் அந்நாளேயன்றி, திருமறைத் தொகுப்பு முடிந்த நாளன்று. மேலும் இவையெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்ற பேச்சும் வரலாற்றின் முன் நிற்காது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் நம்மவர் முன்னின்ற 1860-ஆம் ஆண்டின் திருநெல்வேலி எழுப்புதலில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-இல்தான் தொடங்கிற்று. அருளப்பனின் காலத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பே முழுமையாக வெளிவந்திருக்கவில்லை. நாடுங்கள் என்று பவுல் கட்டளையிட்டிருக்க, நாடாதிருப்பதை ஒழுங்கு என்று நாம் அழைக்கலாகாது.

இரு சாராரும் ஒருங்கே மறந்த இரண்டு சொற்கள் இருபத்தெட்டாம் வசனத்தில் உள்ளன. குணமாக்குதலுக்கும் பாஷைகளுக்கும் நடுவே, அவை இரண்டும் பிழிந்து மறைத்துவிட்டதைப்போல் நிற்கின்றன.

முதலாவது ‘அந்திலேம்ப்சிஸ்’. நமது பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘ஊழியங்கள்’ என்கிறது. ஐந்தாம் வசனத்தில் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கும் அதே தமிழ்ச் சொல்லைத் தந்திருப்பதால் இதன் தனித்தன்மை போயிற்று. விழப்போகிறவனைப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுதல் என்பது இதன் அடிப்படைப் பொருள். எகிப்தில் கிடைத்த பழங்காலப் பாப்பிரஸ் மனுக்களில் எளியவர்கள் அதிகாரிகளிடம் கேட்பது இதைத்தான். இதன் வினைச்சொல்லை மரியாளின் பாட்டில் நமது மொழிபெயர்ப்பு ஆதரித்தல் என்றும், எபேசு மூப்பரிடம் பவுல் விடைபெறும் உரையில் பலவீனரைத் தாங்குதல் என்றும் நன்றாகவே தந்திருக்கிறது.

நாம் ஆயராயிருந்த கிராமச் சேகரம் ஒன்றில் கணவனை இழந்த முதியவள் ஒருத்தி இருந்தாள். எழுத்தறிவில்லை. ஊரில் யாரை அரசு மருத்துவமனையில் சேர்த்தாலும், உறவினர் வந்து சேரும்வரை இரவில் துணைக்குப் படுத்திருப்பவள் அவளே. சாதியும் சபையும் பார்த்ததில்லை. ஒரு கன்வென்ஷன் முடிந்து திரும்பிய மறுநாள் அவள் நம்மிடம் வந்து, “எனக்கு ஒரு வரமும் இல்லைன்னு நேத்துத்தான் ஐயா தெரிஞ்சுது; வயசும் போயிட்டுது” என்று அழுதாள். அவளைத் தேற்ற ஏதேதோ சொன்னோம். இருபத்தெட்டாம் வசனத்தை எடுத்துக் காட்ட அப்போது நமக்குத் தோன்றவில்லை. காட்டியிருந்தாலும், ‘ஊழியங்கள்’ என்ற சொல்லில் அவள் தன்னைக் கண்டிருக்க மாட்டாள். ஊழியம் என்றால் அது நமது வேலை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். ‘துணை’ என்று அங்கே அச்சிடப்பட்டிருந்தால் கதை வேறு. அவள் மறைந்து பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது சொல் ‘குபெர்னேசிஸ்’, சுக்கான் பிடித்தல். அப்போஸ்தலர் நடபடிகள் 27-இல் இதே வேரிலிருந்து வரும் சொல்லை ‘மாலுமி’ என்று சரியாகவே பெயர்த்தவர்கள், இங்கே ‘ஆளுகைகள்’ என்று எழுதிவிட்டனர். கெங்கிரேயா, லெகாயோன் என்னும் இரு துறைமுகங்களுக்கு நடுவே வாழ்ந்த கொரிந்தியருக்கு மாலுமி யார் என்று தெரியும். காற்றையும் பாறையையும் அறிந்து பிறருடைய கப்பலைக் கரை சேர்ப்பவன் அவன்; கப்பல் அவனுடையதன்று. ஆளுகை என்ற சொல்லைக் கேட்கும் நமது சேகர மன்றத்தாருக்கு நினைவுக்கு வருவது நாற்காலி. பேராயத் தேர்தல் காலங்களில் நடப்பவற்றைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தால் கட்டுரை நீளும்.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவற்றுள் பலவற்றைச் சீர்படுத்தியிருக்கிறது. ஏழாம் வசனத்தில் ‘பொது நன்மை’ என்று தெளிவாகச் சொல்கிறது. ‘அருள்கொடை’ என்னும் சொல் காரிஸ்மாவுக்கு மிக நெருங்கியது; ‘துணை நிற்கும்’ என்னும் தொடர் அம்முதியவளுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஆயினும் அதனையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க இயலவில்லை. பாஷைகளைப் ‘பரவசப்பேச்சு’ என்று அது பெயர்க்கிறது. மூலத்தில் இருப்பது ‘நாவு’ மட்டுமே. பேசுகிறவன் தன்வயமிழந்தான் என்பது மொழிபெயர்ப்பாளரின் விளக்கம். அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் சபையிலே பேசாதிருக்கக் கடவன் என்று பதினான்காம் அதிகாரத்தில் பவுல் கட்டளையிடுகிறார். தன்வயமிழந்தவனுக்கு அப்படிக் கட்டளையிட முடியுமா? பழைய மொழிபெயர்ப்பு ‘அந்நிய’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து ஒரு பக்கம் சாய்த்தது. புதியது ‘பரவச’ என்று சேர்த்து மறுபக்கம் சாய்த்தது. பெந்தெகொஸ்தே சகோதரர் இதைக் கண்டு மனம் நோவதில் நியாயம் உண்டு.

சில ஆண்டுகளாக, இவ்வதிகாரம் நிருப வாசகமாக வரும் ஞாயிறுகளில், பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசித்து, ஏழாம் வசனத்தில் நிறுத்தி, மூலத்தின் பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே வாசிக்கிறோம். முதன்முறை அப்படிச் செய்தபோது, சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, “ஐயா, வேதத்தையே திருத்த ஆரம்பித்துவிட்டீர்களா?” என்று கேட்டார். திருத்தவில்லை, திரும்ப வைக்கிறோம் என்று விடை சொன்னோம். அவர் அமைதியடையவில்லை. அடுத்த வாரம், தமது ஆங்கில வேதாகமத்தில் அவ்வசனத்தின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.