அன்ரனி அஸ்குவித்தின் மௌனப்படக் கலை

பிரித்தானிய மௌனப்படம் என்றவுடன் ஹிற்ச்கொக்கின் பெயரொன்றே நினைவுகூரப்படுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய சமகாலத்தவரான அன்ரனி அஸ்குவித் (1902 - 1968), நாடகங்களைத் திரைக்குக் கொணர்ந்தவர் என்ற அளவிலேயே நெடுங்காலம் மதிக்கப்பட்டார். 'பிக்மேலியன்' (1938), 'த பிறவுணிங் வேர்ஷன்' (1951) முதலியன இம்மதிப்பீட்டுக்குக் காரணமாயின. உரையாடலை நம்பிநின்ற இப்படங்களைக் கொண்டு, உரையாடலின்றியே பேசவல்ல அவரது முற்காலப் படங்களை அளவிடுதல் பொருந்தாது.

பிரதம மந்திரியொருவரின் மைந்தராயினும், அஸ்குவித் தம் கதைமாந்தரைச் சாதாரண உழைப்பாளரிடையே கண்டார். 'அண்டர்கிரவுண்ட்' (1928) என்னும் படத்தில் இலண்டன் சுரங்க ரயிலின் படிகளும் பெட்டிகளும் வெறும் பின்னணியாக அமையவில்லை. நால்வரின் வாழ்வு ஒன்றோடொன்று மோதும் களமாகின்றன. ஆயினும் மின்நிலையத்துச் சண்டையில் முடியும் அதன் இறுதிப்பகுதி, தொடக்கத்தின் நுண்மையைக் கைவிட்டுவிடுகின்றது.

ஜேர்மானியரின் ஒளிநிழலையும் சோவியத்தாரின் படத்தொகுப்பையும் அவர் இரவல் பெற்றார் என்பது அவர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு. 'எ கொட்டேஜ் ஒன் டாட்மூர்' (1929) இதற்கு ஆதாரமும் தருகின்றது, மறுப்பும் தருகின்றது. பொறாமையால் வெதும்பும் முடிதிருத்துவோனின் கோபவெடிப்பைக் காட்டப் பீரங்கி வெடிக்கும் காட்சி இடையே புகுத்தப்படுகின்றது. அவ்வுவமை கதைக்குப் புறத்திலிருந்து வருவது; வியப்பைத் தருமேயன்றி உணர்வை ஆழப்படுத்தாது.

அதே படத்தின் திரையரங்கக் காட்சியோ முற்றிலும் வேறானது. அங்கே திரை ஒருபோதும் நமக்குக் காட்டப்படுவதில்லை. பார்ப்போரின் முகங்களே காட்டப்படுகின்றன. பேசும் படம் தொடங்கியதும் வாத்தியக்காரர் கருவிகளை வைத்துவிட்டுச் சீட்டாடுகின்றனர். எல்லோரும் திரையை நோக்க, முடிதிருத்துவோன் மட்டும் தான் விரும்பிய பெண்ணையும் அவள் காதலனையுமே நோக்கியிருக்கின்றான். அழியப்போகும் ஒரு கலையின் துயரும் தனிமனிதனொருவனின் துயரும் இங்கு ஒருசேரப் புலப்படுகின்றன. இரவல் உத்தி சொந்த நோக்காக மாறுவது இவ்விடத்தேதான்.

'ஷூட்டிங் ஸ்ரார்ஸ்' (1928) படத்தின் நெறியாள்கை ஏ. வி. பிறம்பிளின் பெயரிலேயே வெளிவந்தது. புனரமைக்கப்பட்டு 2015இல் அது மீண்டும் திரையிடப்பட்டபோது, அஸ்குவித்தின் பங்கும் மறுபடி கவனம் பெற்றது. ஒரு கலைஞனின் பிற்காலப் புகழே அவனது முற்காலச் சாதனையை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு அவர் தக்க சான்றாவார்.