மதிப்பெண்ணாகிப் போன மதிப்பீடு

2009இல் சி.பி.எஸ்.இ. 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை' ஒன்பதாம் வகுப்பில் புகுத்தியபோது, தில்லியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு மகிழ்ச்சிதான். ஆண்டுக்கு நான்கு வளரறி மதிப்பீடுகள், 40 விழுக்காடு. இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகள், 60 விழுக்காடு. கோளாறே இந்தப் பங்கீட்டில்தான் இருந்தது என்பேன்.

0.35, 0.4 – எது பெரியது? "0.35தான் மிஸ், நாலைவிட முப்பத்தஞ்சு பெரிசாச்சே!" ஒன்பதாம் வகுப்பிலும் இப்படிச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. புள்ளிக்குப் பின்வருவதை அவர்கள் முழு எண்ணாகப் படிக்கிறார்கள். நாற்பது பைசா, முப்பத்தைந்து பைசா என்றால் சட்டென்று திருத்திக்கொள்வார்கள், 0.375 கொடுங்கள், மறுபடி தடுமாற்றம். கட்டத்தாளில் பத்திலொன்று, நூறிலொன்று என்று வண்ணமடிக்க வைத்தால்தான் இடமதிப்பு பிடிபடும். அதற்கு மறுநாள் பாடத்தை ஒத்திப்போட வேண்டும்.

திரட்டிய சான்று கற்பித்தலை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு என்று பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998லேயே வலியுறுத்தினார்கள். நம் பதிவேட்டிலோ அந்தப் பையனுக்கு '10க்கு 6'. எதில் தடுக்கினான் என்று ஆறு சொல்லுமா? இதற்கிடையே தெர்மோகோல் மாதிரிகள் வேறு, பாதி அப்பாக்களின் கைவண்ணம்!

2017-18இல் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திட்டமே தப்பு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்து வந்த 20 மதிப்பெண் அகமதிப்பீட்டில் நோட்டுப் புத்தகத்தின் நேர்த்திக்கும் இடம் வைத்தார்கள். கட்டத்தாளுக்கு ஒரு பீரியட் ஒதுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.