‘ஃபேர்’ ஜெர்மனுக்குப் போனால்

ஷேக்ஸ்பியரை ஜெர்மனில் ரசித்துப் பாருங்கள் என்றால் ஆளாளுக்கு நழுவுகிறார்கள். “ஜெர்மன் தெரியாதே!” தெரிய வேண்டாம் ஐயா. மூலம், மொழிபெயர்ப்பு, ஓர் அகராதி, துரத்திப் பிடிக்க ஒரே ஒரு பெயரடை. அவ்வளவுதான்.

‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுங்கள். அழகென்றால் ‘ஷ்யோன்’, முடியின் நிறமென்றால் ‘பிளோண்ட்’, நீதிபதியைச் சொன்னால் ‘கெரெஹ்ட்’. விளையாட்டில் நேர்மை என்றால் ஜெர்மன்காரர்களும் ‘ஃபேர்’ என்றே கடன் வாங்கிவிட்டார்கள். பாடம் முடிந்தது.

இனிதான் விஷயம். பல பொருள் வேறு, சிலேடை வேறு. ‘மொழிபெயர்க்கவே முடியாத சொற்கள்’ என்று பட்டியல் போட்டுப் பகிர்கிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. நீதிபதி ‘ஃபேர்’ என்றால் மற்ற அர்த்தங்கள் தாமாக ஒதுங்கிக்கொள்ளும். அகராதியே வேலையை முடித்துவிடும். சிலேடையில் இரண்டு அர்த்தமும் ஒரே மூச்சில் உயிரோடு இருக்கும். காளமேகப் புலவரின் சிலேடைகளை ரசித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஷேக்ஸ்பியரின் 127-ஆம் சானெட்டில், கறுப்பை யாரும் ‘ஃபேர்’ என்று எண்ணாத பழைய காலத்தைப் பற்றிக் கவிஞர் பேசுகிறார். கறுப்பு வெளுப்பல்ல என்பது குழந்தைக்கும் தெரியும். அழகுமல்ல என்று அதே சொல் நைசாகச் சேர்த்துவிடுகிறது. ‘ஷ்யோன்’ போட்டால் வெளுப்பு போச்சு, ‘பிளோண்ட்’ போட்டால் அழகு போச்சு. ஸ்டெஃபான் கேயோர்கே 1909-இல் சானெட்டுகளை ஜெர்மனில் வெளியிட்டார். அவர் இந்த இடத்தைக் கடக்கும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘மூலத்தின் சுவை இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதும் விமர்சகர்கள் இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்களா?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பிரியமானவர் டொரோதேயா டீக். ‘மெக்பெத்’ அவர் மொழிபெயர்த்தது; அட்டையில் இருந்ததோ மொழிபெயர்ப்பாளர் ஷ்லேகல் பெயரும் டொரோதேயாவின் அப்பா பெயரும். சூனியக்காரிகளின் ‘ஃபேர்’, ‘ஃபவுல்’ இரண்டையும் ‘ஷ்யோன்’, ‘வ்யூஸ்ட்’ ஆக்கினார். ஆங்கிலத்தின் மோனை போய்விட்டது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உதடு குவிகிறது! பிறகு மெக்பெத் நுழைந்து, தான் கேட்டிராத அதே ஜோடியைச் சொல்லும்போது ‘வ்யூஸ்ட்’ போய் ‘ஹெஸ்லிஷ்’ வந்து உட்காருகிறது. எதிரொலி பாதியில் அறுகிறது. ஏன் செய்தார் அம்மணி? எனக்கு இன்னும் கோபம்தான்.

இது பழகியபின் ‘ஃபன்னி’ பக்கம் போய் ஏமாறாதீர்கள். வேடிக்கை, விசித்திரம் இரண்டையும் ‘கோமிஷ்’ அப்படியே சுமந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வியர்க்காது, நமக்கும் சுவாரசியமில்லை.