குடம் சுமந்த நடிகை

விளம்பர அழகியராகும் கனவோடு இங்கிருந்து பெருநகர் சென்று, அடுக்ககத்தில் வாடகையைப் பகிர்ந்து வாழும் பெண்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) என் நினைவுக்கு வரும். ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அவர், திரையுலகின் பின்வாசலை அறிந்தவர்.

நடிகையாக விழையும் ஜமுனாவும் தங்கை சாயாவும் சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றனர். வாய்ப்பைக் காட்டிப் பாஸ்கர்ராவ் ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்கிறான். பொறாத சாயா விடுதிக்குப் போய்விடுகிறாள். அவன் நிழலாகவே நின்றுவிடுவது குறைதான்.

தண்ணீரைக் குறியீடு என்பர் திறனாய்வாளர். எனக்கு அது குழாய்நீரே. (எல்லாம் குறியீடானால் குடத்தைச் சுமப்பவர் யார்?) ‘இவளைக் கெடுத்தவர் யார்?’ என்று நாம் கேட்போம். நாவலோ நாளைக் காலைக்கு நீர் உண்டா என்று பார்க்கிறது. சாகத் துணிந்தவளை மீட்பதும் அறிவுரையன்று; நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் மல்லாடும் டீச்சரம்மா, தன் கதையைத்தான் சொல்கிறாள்.