மூக்கு நிமிர்ந்த படகு

துஷாரகிரி அருவிகளிலிருந்து இறங்கி வரும் சாலிப்புழா, ஜூலை மாதத்தில் படிக்கட்டில் கொட்டிவிட்ட தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஒரு பாறைத்திட்டு, ஒரு சிறு வீழ்ச்சி, நாலு முழம் அமைதி, உடனே அடுத்த பாறை. கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் 2013-இல் மலபார் ஆற்றுத் திருவிழா தொடங்கியது. காயாக் ஓட்டுகிறவர்களுக்கு மழைக்காலம் என்றாலே இந்த ஊர்தான்.

நான் மூன்று வருடமாக அகன்ற ஆறுகளில் ஓட்டுகிறேன். கடினத்தில் மூன்றாம் தரம் எனப்படும் வெள்ளம் பழகிவிட்டது. கவிழ்ந்தால் படகை விட்டு வெளியே வராமல் துடுப்பாலேயே நிமிர்த்தும் ரோல், பத்துக்கு எட்டு முறை கைகொடுக்கிறது. இந்த நிலைக்கு வந்த எல்லோருக்கும் எழும் கேள்விதான் எனக்கும். செங்குத்தான ஓடைகளுக்கென்றே செய்யப்படும் கிரீக் படகை இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா? நடுத்தர அளவில் ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் சாலிப்புழாவில் ஓட்டினேன். எந்த நிறுவனம் செய்தாலும் இந்த வகையின் உடல்வாகு ஏறக்குறைய ஒன்றுதான்; ஆகவே வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

கரையில் வைத்துப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரிகிறது. நீளம் சுமார் ஒன்பது அடி. மூக்கு நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது. வயிறு பெருத்த உடல். உள்ளே 300 லிட்டர் அளவுக்கு இடம். வீழ்ச்சியில் மூக்கு முங்கினாலும் உள்ளிருக்கும் காற்று தக்கையைப் போல மேலே தள்ளிவிடும். விளிம்புகள் உருண்டையாக இருப்பதால் பாறையில் மாட்டாமல் வழுக்குகிறது. பிளாஸ்டிக் தடிமனானது, எடை 20 கிலோவைத் தாண்டும். மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவில் தோளில் வைத்து இறங்கும்போது ஒவ்வொரு கிலோவும் தனித்தனியாகத் தெரிகிறது.

உள்ளே இருக்கும் ஏற்பாடுகளைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சாதாரணப் படகில் கால் வைக்க இரண்டு பக்கமும் சிறு மிதிகள் இருக்கும். ஓடையில் மூக்கு நேராகப் பாறையில் மோதினால் பாதம் அந்த மிதியைத் தாண்டி முன்னால் போய்ச் சிக்கும், கணுக்கால் முறியும். இங்கே குறுக்கே முழுத் தட்டு, அதன்மேல் தடித்த ஃபோம். மோதலின் அடியை இரண்டு பாதமும் பகிர்ந்துகொள்கின்றன. கால்களுக்கு நடுவே நிற்கும் தூண், படகு பாறையில் சிக்கும்போது மேல்தளம் தொடைமேல் நசுங்காமல் தாங்குகிறது. உட்காரும் வாய்க்குப் பக்கத்தில் கயிறு மாட்ட வலுவான வளையங்கள். பின்பகுதிக்குக் காற்றுப் பைகளை நாம்தான் வாங்கிப் போட வேண்டும், கட்டாயம் போட வேண்டும். தண்ணீர் நிரம்பிய படகு 300 கிலோவை நெருங்கும். அதை இரண்டு பேர் கரைக்கு இழுப்பது நடக்காத காரியம்.

இனி பூஃப். வீழ்ச்சியின் விளிம்பைத் தாண்டும்போது மூக்கு கீழே குத்தாமல், படகு அடிவயிற்றால் தட்டையாக இறங்கும் வித்தை அது. இறங்கும்போது எழும் சத்தம்தான் அதன் பெயர். ஓடையில் இது அடிப்படை, ஏனென்றால் வீழ்ச்சிக்குக் கீழே தண்ணீர் சுருண்டு பின்னோக்கி இழுக்கும். மூக்கு முங்கினால் அந்தச் சுருளுக்குள்ளேயே நின்றுவிடுவோம்.

முதல் நாள் ஐந்தடி உயரப் பாறை ஒன்றில் மதியம் முழுக்க இதையே செய்தேன். விளிம்பில் தண்ணீர் கண்ணாடிபோல வளையும் இடம் ஒன்று உண்டு. துடுப்பின் தகடு அந்த வளைவைத் தாண்டிப் போய்ப் பிடிக்க வேண்டும். ஒரே இழுப்பு, இழுக்கும்போதே இடுப்பு முன்னால் வந்து முழங்கால்கள் மேலெழ வேண்டும், தரையிறங்கும் கணத்தில் உடம்பு மறுபடி முன்னால் குனிந்திருக்க வேண்டும். அரை விநாடி முந்தினால் மூக்கு எழும்பி, விளிம்பை அடையும்போது விழுந்துவிடும். பிந்தினால் துடுப்பு காற்றில் வீசும். ஆறாவது முறை "டப்" என்ற சத்தம் கேட்டது, முகத்தில் ஒரு சொட்டு தெறிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. (உயரம் கூடக்கூடத் தட்டையாக விழக் கூடாது. அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.)

இரண்டாம் நாள் மூன்று வீழ்ச்சிகளை வரிசையாகத் தாண்டினேன். நடுவில் ஒன்றில் பிந்திவிட்டேன், மூக்கு முங்கியது, படகு தானே மேலே வந்து நேராக நின்றது. கரையில் கயிற்றுப் பையோடு நின்றிருந்த உள்ளூர்ப் பயிற்சியாளர் கைதட்டவில்லை. "சேட்டா, இப்பத் தாண்டினது படகு. நீங்க இல்ல" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது நான்காம் நாள் புரிந்தது. என் பழைய ஆற்றுப் படகைக் கொஞ்சம் எளிதான பகுதியில் இறக்கி, பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி ஓடும் எடிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழையச் சொன்னார். அந்தப் படகின் கூரிய விளிம்பு தப்பை உடனே காட்டிக்கொடுத்தது. கோணம் பிசகினால் எடியைத் தவறவிட்டேன், சாய்வு பிசகினால் கவிழ்ந்தேன். கிரீக் படகில் இதே தப்புகளைத்தான் இத்தனை நாளாகச் செய்திருக்கிறேன். அதன் பருத்த உடல் மூடி மறைத்துவிட்டது. ஓடையில் ஒரு எடியைத் தவறவிட்டால் பார்த்து வைக்காத வீழ்ச்சிக்குள் போகிறோம், அதில் மரம் குறுக்கே விழுந்து கிடக்கலாம். படகு எவ்வளவு மிதந்தாலும் மரக்கிளைகளுக்குள் சிக்கிய ஆளுக்கு அது உதவாது.

வாடகைப் படகில் ஒரு குறை சொல்லியாக வேண்டும். முதுகுப்பட்டையை இறுக்கும் பல்சக்கரம் தேய்ந்து, ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டு பல் நழுவியது. பட்டை தளர்ந்தால் உடம்பு பின்னால் சாயும், ரோல் வராது. கடைக்காரரிடம் சொன்னதற்கு "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்படி இருக்கக் கூடாது. எடுக்கும் முன் உட்கார்ந்து இறுக்கிப் பாருங்கள், இடுப்புப் பக்கம் ஃபோம் வைத்து அசைவில்லாமல் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போகும், போகட்டும்.

மூன்றாம் தர ஆற்றில் நினைத்த எடியை நினைத்தபோது பிடிக்கிறவர், கூட வர இரண்டு அனுபவசாலிகள் உள்ளவர், தாராளமாக வாங்கலாம். நான் இந்த வருடம் வாங்கவில்லை. மழை நிற்கும்வரை பழைய படகிலேயே இதே ஆற்றின் புலிக்கயத்துப் பக்கம் எடி பிடித்துக்கொண்டிருப்பேன். பூஃப் பழக மட்டும் கிரீக் படகை நாள் வாடகைக்கு எடுப்பேன், பல்சக்கரத்தைச் சோதித்துவிட்டு.