காளான் தானே வரையும் படம்

பெயர் தெரியாத காட்டுக் காளான் ஒன்று கையில் கிடைத்தால், நான் முதலில் தேடுவது தாளும் கண்ணாடித் தம்ளரும்தான். காம்பை நறுக்கிவிட்டு, அடிப்பக்க மடிப்புகள் தாளைத் தொடும்படி குடையை வைத்து, தம்ளரைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். பாதித் தாள் வெள்ளை, பாதி கறுப்பு என்றால் இன்னும் நல்லது; மடிப்புகளிலிருந்து உதிரும் வித்துத்தூள் வெள்ளையாக இருந்தால் வெள்ளைத் தாளில் கண்ணுக்குப் படாது. மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு கோடாக, கை தேர்ந்தவர் போட்ட கோலம்போல ஒரு வட்டம் விழுந்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அழகு அது.

அடையாளமும் அதில்தான் இருக்கிறது. ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 1821-இல் காளான்களை வகைப்படுத்தத் தொடங்கியபோதே இந்தத் தூளின் நிறத்துக்கு முக்கிய இடம் கொடுத்தார். வெள்ளைக் குடையும் பழுப்புச் செதிலுமாக ஆளை ஏமாற்றும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான், தாளில் மங்கிய பச்சையை உதிர்த்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் புற்றுக்காளானோ வெளிறிய இளஞ்சிவப்பு.

நிறம் நம்மைக் குழுவின் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அதிகம் ஆராயப்படாத இனம் என்றால் நுண்ணோக்கியும் டிஎன்ஏ ஆய்வும் வேண்டும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி எதையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஆனால் அந்தத் தாளைத் தூக்கி எறியவும் வேண்டாம். தேதி, இடம், பக்கத்தில் நின்ற மரம் எல்லாவற்றையும் எழுதி, உலர்த்திய காளானோடு சேர்த்து வையுங்கள். பின்னால் ஆராய வருபவருக்கு அது பேருதவி.